பிளாஸ்திரிக்கு அடியில்

— பொய் சொல்லாதே கோம்போ. கோரஸ் பாடுற தாத்து கண்ணால பார்த்திருக்கா. ஒவ்வொரு மேடையிலயும் பாட்டு ஆரம்பிக்கிறதுக்கு முன்னால, உன் லேப்டாப்புல இருக்கிற அந்த அம்புக்குறி நேரா, திரையில சுருதி நம்பர் மேல ஒட்டின பிளாஸ்திரிக்கு அடியில போய் ஒளியுதாம்.

— போயிருக்கும் அக்கா. பக்கத்துலயே வேற குமிழும் இருக்கே.

— பக்கத்துல இல்ல, அடியிலன்னு சொன்னா. அவளுக்குத் தொண்டைதான் சரியில்ல, கண்ணு நல்லாவே தெரியும். என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லு. தொட்டியா, தொடலையா?

— தொட்டேன்.

— பார்த்தியா. நோன்புப் பெருநாள் முடிஞ்சு பங்கானியில முதல் மேடை. அன்னிக்கு என்ன சொன்னே? 'ரிசிகி அக்கா, நீங்க கேட்ட மாதிரி மொத்தச் சுருதியையும் அரைக் கட்டை இறக்கிட்டேன், இனிமே அதைத் தொட மாட்டேன், தொட்டா என் விரல் முடமாகட்டும்'னு சொன்னியா இல்லியா?

— சொன்னேன். விரல் நல்லாத்தான் இருக்கு. நீங்க முதல்ல உட்காருங்க. மருதாணி இன்னும் காயலை, கையை வீசினா கோலமெல்லாம் இழுகிடும்.

— இழுகினா இழுகட்டும். கேட்டுக்கோ, எனக்குத் தெரிய வேண்டியது ஒண்ணே ஒண்ணு. எவ்வளவு மாத்தியிருக்கே? இன்னொரு அரைக் கட்டை இறக்கிட்டியா? ஒரு கட்டையா? நான் இத்தனை நாளாப் பாடிக்கிட்டிருக்கிறது பொம்பளைக் குரலா, இல்ல மீன் படகுல ஏலம் போடுறவன் குரலா?

— பிளாஸ்திரியை உரிச்சுப் பாருங்க. நம்பர் அடியிலதான் இருக்கு.

— கையில மருதாணி.

— இப்பத்தானே இழுகினா இழுகட்டும்னீங்க.

— வாயாடாதே. நீயே சொல்லு.

— நான் சொன்னா நம்புவீங்களா? தொட மாட்டேன்னு சொன்ன அதே வாய்தானே இது.

— அது வாஸ்தவம். அந்த வாய்க்கு மண்டாஸி ஊட்டி வளர்த்தேன் பாரு, என்னைச் சொல்லணும். டாங்கா ஊர் முழுக்க எத்தனை கீபோர்டுக்காரன் என் பின்னால சுத்தினான். வேணாம், கோம்போ இருக்கான், அவன் கடலோரத்துப் பையன், வாயைத் திறக்க மாட்டான்னு இருந்தேன்.

— வாயைத் திறக்கலையே அக்கா. நீங்க சுருதி இறக்கச் சொன்னது இன்னி வரைக்கும் ஒரு ஈ காக்காவுக்குத் தெரியாது. ஹதிபுப் பெரியவர் வயலினைக் கீபோர்டுக்குத்தான் சேர்க்கிறாரு. கிடாரும் அப்படித்தான். நான் எங்க போறேனோ அங்க எல்லாரும் வந்துடுவாங்க. யாருக்கும் சந்தேகமே இல்ல.

— இன்னிக்கு வரைக்கும் இல்ல. இன்னிக்கு ராத்திரி வரும். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க மொம்பாஸாவுலேர்ந்து சும்மா வரலை, சொந்தக் குழுவோட வந்து இறங்கியிருக்காங்க. கடைசிப் பாட்டு ரெண்டு குழுவும் சேர்ந்து. ரெண்டு சம்பந்தியம்மாவையும் வாழ்த்தணும். நான் ஒரு வரி, அவங்க பாடகி ஜுஹுரா ஒரு வரி. நடுவுல அதுமானிக் கிழவனோட அக்கார்டியன். வயலினை முறுக்கலாம், கிடாரை முறுக்கலாம். அக்கார்டியனை எதைப் பிடிச்சு முறுக்குவே? அதோட நாக்கெல்லாம் வயித்துக்குள்ள அடிச்சு வச்சிருக்கு. எந்தச் சுருதியில பிறந்துச்சோ அதே சுருதியிலதான் அது சாகும்.

— தெரியும். நாமதான் அதுக்குப் போகணும். நான் குமிழை நடுவுல, பூஜ்யத்துல கொண்டு வந்து வச்சாப் போதும், சரியா உட்கார்ந்துக்கும்.

— அது உட்காரும். நான் எங்க உட்கார்றது? ஜுஹுரா பாடுற வரியைக் கேட்டியா? பேர் சொல்லலையாம், ரொம்ப மரியாதை. 'ஊசி நூல் போட்டுத் தைச்ச தொண்டை, உள்ளே என்ன மிச்சம் அடி'ங்கிறா. எனக்குத் தொண்டையில கட்டி எடுத்தது அவளுக்குப் பாட்டு. அந்த வரி வந்ததும் மொம்பாஸாப் பொம்பளைங்க ஆடிக்கிட்டே மேடைக்கு வந்து அவ கையில நோட்டைத் திணிக்கிறாங்களாம். என் தையல்ல அவளுக்கு வரும்படி.

— நானும் வீடியோ பார்த்தேன். அந்த உச்ச வரியில அவ கழுத்து நரம்பு ரெண்டும் கயிறு மாதிரி நிக்குது. அவளுக்கே அது எட்டலை, எட்டிட்ட மாதிரி கையைத் தூக்குறா, அவ்ளோதான்.

— கையைத் தூக்கினாலும் அந்தச் சுருதியில தூக்குறா. நான் அதுக்கு அரைக் கட்டை கீழே உட்கார்ந்துகிட்டுப் பெருமை பேசிட்டிருந்தேன். இப்ப அதுவும் இல்ல, இன்னும் கீழேங்கிறே.

— கீழேன்னு நான் சொல்லலை.

— சொல்லலை, தொட்டேன்னு சொன்னே. தொட்டவன் எதுக்குத் தொடுவான்? என் குரல் இன்னும் இறங்கிடுச்சுன்னு உன் காதுக்குத் தெரிஞ்சிருக்கு. அக்கா மனசு நோகுமேன்னு சத்தமில்லாம இன்னும் கொஞ்சம் இறக்கிட்டே. உன் பரிதாபத்தைக் கொண்டு போய்க் கடல்ல போடு.

— அந்த மேல் வரிசைக் குமிழ்ங்க ஒவ்வொண்ணும் என்ன செய்யும்னு உங்களுக்கு ஒரு தடவை சொன்னேன், ஞாபகம் இருக்கா?

— பிலாவுக் கதைதானே. கல்யாண வீட்டுல ஒவ்வொரு சட்டிக்கும் உப்பு பார்க்கிறது வேற, எல்லாச் சட்டிக்கும் சேர்த்து அடுப்புத் தீயைக் குறைக்கிறது வேறன்னே. கீழே இருக்கிற குமிழெல்லாம் சட்டிக்கு. புல்லாங்குழலுக்குத் தனி, கானூனுக்குத் தனி. மேல் வரிசை அடுப்புக்கு. அதைத் தொட்டா எல்லாச் சத்தமும் ஒண்ணா மாறும்.

— அதேதான். மேல் வரிசையில சுருதி மட்டும் இல்ல. வெளிச்சம்னு ஒண்ணு இருக்கு. அதைக் குறைச்சா சத்தத்தோட கூர் மழுங்கி, கனமா, இருட்டாயிடும். சத்தம் எவ்வளவு நேரம் தங்கணும்னு ஒண்ணு. ஒரு சுரத்துலேர்ந்து இன்னொண்ணுக்குத் தாவணுமா, வழுக்கிக்கிட்டுப் போகணுமான்னு ஒண்ணு. நான் எல்லாத்தையும் தடவிக்கிட்டேதான் இருப்பேன். என் வேலையே அதுதான்.

— அந்த இருட்டை நானே பாராட்டினேன். உண்மையைச் சொல்லணும்ல. முன்னெல்லாம் உன் வயலின் கூட்டம் காதுல ஊசி குத்துற மாதிரி இருக்கும். இப்ப ஹல்வா மாதிரி இருக்கு, கெட்டியா, அடியில நிக்குது. அது மேல ஏறி உட்கார்ந்து பாடுறது எவ்வளவு சுகம். கொரோக்வேயில அந்த ஆசிரியர் வீட்டுப் பொம்பளை என்ன சொன்னா தெரியுமா? 'ரிசிகி, ஆபரேஷனுக்கு அப்புறம்தான் உன் பாட்டு பழுத்திருக்கு'ன்னா. என் கையைப் பிடிச்சு அழுதா.

— எனக்குத் தெரியும், நான் பக்கத்துலதான் இருந்தேன்.

— அவ அழுதது இறக்கின பாட்டுக்கு. அதை நினைச்சாத்தான் மனசு உறுத்துது. ஏமாத்து வேலை மாதிரி.

— அவங்க அழுதது உங்க பாட்டுக்கு. குமிழைக் கேட்டு யாராவது அழுவாங்களா?

— நல்லாப் பேசு. பேச்சுல மயக்கி மேடையில நிறுத்திடலாம்னு பார்க்கிறே. கேட்டுக்கோ, நான் முடிவு பண்ணிட்டேன். முதல் பாட்டு மூணும் நம்ம குழு மட்டும், அதைப் பாடிடறேன். கடைசிப் பாட்டுக்குக் காய்ச்சல்.

— யாருக்கு?

— எனக்குத்தான். திடீர்னு. பொண்ணோட அம்மாகிட்ட தாத்துவை விட்டுச் சொல்லச் சொல்றேன்.

— நோகாம மூணு பாட்டு பாடிட்டு நாலாவதுக்குக் காய்ச்சல் வந்தா, அந்த ஜுஹுரா இந்தக் காய்ச்சலை வச்சே அடுத்த வாரம் புதுசா ஒரு பாட்டு கட்டிடுவா. ஊரு பூரா அதுவே ஓடும்.

— கட்டட்டும். உச்சியில குரல் உடைஞ்சு, அந்த மொம்பாஸாக் கூட்டம் முன்னால நான் வாயைப் பொளந்துகிட்டு நிக்கிறதுக்கு அது தேவலை.

— அக்கா, நான் ஒண்ணு கேக்கட்டுமா? நீங்க இப்படிப் பயந்து நான் பார்த்ததே இல்ல.

— பார்க்கலை. காட்டலை. ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த புதுசுல, வீட்டுல எல்லாரும் வெளியில போனதும் குளியலறைக் கதவைச் சாத்திக்கிட்டுத் தண்ணியைத் திறந்து விட்டுட்டுப் பாடிப் பார்ப்பேன். காத்துதான் வந்துச்சு. என் புருஷன் செத்தப்போ கூட நான் அப்படி அழுகலை. ஒரு நாள் சத்தம் வந்துச்சு, ஆனா உச்சிக்குப் போகலை. அன்னிக்குத்தான் உன்னைக் கூப்பிட்டு, எல்லாத்தையும் இறக்குடான்னு சொன்னேன். பங்கானியில நீ குமிழைத் திருகிக் காட்டினே. குறுக்கா ஒரு சின்னக் கோடு, பக்கத்துல நூறு, அரைக் கட்டைன்னா நூறாம். அந்தக் கோட்டைப் பார்த்ததும் எனக்கு மூச்சு வந்துச்சு. கழித்தல் கோடு. அது என்னோட ஊன்றுகோல்.

— அதை மூடச் சொன்னதும் நீங்கதான்.

— பின்னே. தாத்துவும் பிலியும் உன் தோளுக்குப் பின்னாலதான் நின்னு கோரஸ் பாடுறாங்க. பள்ளிக்கூடம் போன பொண்ணுங்க. அந்தக் கோட்டையும் நூறையும் பார்த்தா அர்த்தம் கேப்பாளுங்க. என் பையிலேர்ந்து பிளாஸ்திரி எடுத்து, நம்பர் மேல நானே ஒட்டினேன். என் கழுத்துத் தையலுக்கு வாங்கின பிளாஸ்திரி.

— அதனாலதான் அது இன்னும் விழலை. நல்ல பிசின்.

— சிரிக்காதே. அதுக்கப்புறம் நான் அதை ஒரு நாளும் பார்க்கலை. பார்க்க வேண்டாம்னு இருந்தேன்.

— சரி. நான் ஒண்ணு சொல்றேன், கோபப்படாதீங்க. இந்தக் குழுவுல இப்ப யார் நல்லாப் பாடுறாங்க?

— இது என்ன கேள்வி. நான்தான். வேற யாரு இருக்கா? அந்த ரெண்டு கோரஸ் பொண்ணுங்களைப் பாரு. நல்லா இளம் வயசு, கட்டி இல்ல, கத்தி படலை. ஆனா ரெண்டும் இஞ்சியும் தேனும் கையுமா அலையுது. முந்தி கணீர்னு எடுத்துக் கொடுக்குங்க. இப்ப உச்ச வரி வந்தா ஒண்ணு வாயை மட்டும் அசைக்குது, இன்னொண்ணு இருமுது. சோம்பல். ராத்திரி பூரா போனைப் பார்த்துக்கிட்டிருந்தா தொண்டை எப்படி நிக்கும்?

— பெரியவர் வயலின் கம்பியும் சோம்பல்லயா அறுந்துச்சு?

— அவரை ஏன் இழுக்கிறே? அவர் வயலின்ல கம்பி அறுந்தா அவர் என்ன செய்வாரு. முஹேஸாவுல நடுப்பாட்டுல பட்டுனு அறுந்து அவர் கன்னத்துல கோடு போட்டுச்சு. போன வாரமும் ஒண்ணு. நம்ம மேனேஜர் மலிவுக் கம்பி வாங்கிக் கொடுக்கிறான்னு பெரியவர் புலம்பல் தாங்கலை. கடல் காத்து வேற. அவனை நான் நேத்துதான் பிடிச்சு உலுக்கினேன்.

— பாவம் மேனேஜர். எப்பவும் வாங்குற அதே கம்பிதான் வாங்கியிருக்காரு.

— அவனுக்கு நீ வக்காலத்து வாங்காதே. யாரோ வர்றாங்க, பேச்சை மாத்து.

— பெரியக்கா, இஞ்சிக் காப்பி. பார்த்து, சூடா இருக்கு. கோம்போ அண்ணனுக்கும் ஒண்ணு.

— அங்க வை தாத்து, என் கை ஈரம். குரல் ஏன் இப்படித் தகர டப்பா மாதிரி இருக்கு?

— உச்ச வரி பாடிப் பாடித்தான் பெரியக்கா. பிலிக்கு இன்னும் மோசம். நேத்து பழகும்போது அவ பாதியில நிறுத்திட்டா. உங்களுக்கு எப்படித்தான் முடியுதோ. நாங்க ரெண்டு பேரும் அதையேதான் பேசிக்கிட்டோம்.

— முடியணும்னா பழகணும். வெளியில என்ன சத்தம்?

— அதுமானித் தாத்தா முற்றத்துல அக்கார்டியனை எடுத்துட்டாரு. ஆக்டோபஸ் சூப் குடிச்சிட்டு ஒரே உற்சாகம். சேர்ந்து பாடுற பாட்டை வாசிச்சுக் காட்டினாரு. நானும் பிலியும் கூடவே பாடிப் பார்த்தோம். பெரியக்கா, என்ன சுகம்கிறீங்க. சுருதி ரொம்பத் தணிவா இருக்கு. பிலி ஒரு தடவை கூட இருமலை.

— தணிவா? அக்கார்டியனா? உனக்கு ஜலதோஷத்துல காது அடைச்சுக்கிச்சு.

— இல்ல பெரியக்கா, நெஜமாத்தான்.

— கோம்போ, நீ ஏன் காப்பியைப் பார்த்துச் சிரிக்கிறே?

— சூடா இருக்கு அக்கா.

— தாத்து, கேட்டுக்கோ. நீ நேராப் போய்ப் பொண்ணோட அம்மாகிட்ட தனியா ஒரு விஷயம் சொல்லணும். ரிசிகிக்கு உடம்பு அனலா கொதிக்குது, அவ மூணு பாட்டு சமாளிச்சிடுவா, கடைசிப் பாட்டுக்கு நிக்க முடியாதுன்னு சொல்லு.

— அனலாவா? தொட்டுப் பார்க்கட்டுமா?

— மருதாணி ஈரத்துல குளிர்ந்து கிடக்கு. சொன்னதைச் செய்.

— தாத்து, ஒரு நிமிஷம் பொறு.

— அவளை ஏன் நிறுத்துறே? போ தாத்து.

— போறேன் பெரியக்கா. செருப்புதான் எங்க கிடக்குன்னு தெரியலை, வாசல்ல ஒரு மலையே குவிஞ்சு கிடக்கு.

— தேடி எடுத்துக்கிட்டுப் போ. ஜுஹுரா காதுல மட்டும் விழக் கூடாது.

— அக்கா, அவ கதவைத் தாண்டிட்டா. செருப்பு கிடைக்கிற வரைக்கும்தான் நேரம். மருதாணி காய்ஞ்சிடுச்சா?

— ஓரத்துல காய்ஞ்சிருக்கு. ஏன்?

— பிளாஸ்திரியை உரிங்க.

— மாட்டேன். எவ்வளவு கீழே போயிருக்கேன்னு தெரிஞ்சா அந்த மூணு பாட்டும் வராது.

— அக்கா, நான் உங்களுக்குக் கொடுத்த வாக்கை மீறினேன். ஒரு நாள் இல்ல, மேடைக்கு மேடை மீறினேன். மயிரிழை மயிரிழையா. கூடவே அந்த வெளிச்சத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சேன், உங்க காது கண்டுபிடிக்கக் கூடாதுன்னு. இந்தக் கல்யாணத்துக்கு அக்கார்டியன் வருதுன்னு தெரிஞ்ச அன்னிக்கு நான் ஒரு கணக்குப் போட்டேன். அது தப்புன்னா இன்னிக்கே என்னை அனுப்பிடுங்க, வேற கீபோர்டுக்காரனை வச்சுக்குங்க. ஆனா பார்த்துட்டு அனுப்புங்க.

— வெளிச்சத்தைக் குறைச்சா என் காது ஏன் கண்டுபிடிக்காது?

— இருட்டான சத்தம் காதுக்குக் கீழே இருக்கிற மாதிரித்தான் படும். அது எங்க நின்னாலும்.

— எங்க நின்னாலும்னா?

— உரிங்க அக்கா. வாசல்ல அவளுக்கு ஒரு செருப்பு கிடைச்சிடுச்சு.

— லேப்டாப்பை இந்தப் பக்கம் திருப்பு. கிட்டக் கொண்டா. நகத்தால எடுக்கிறேன், கண்ணாடி கீறினா என்னைச் சொல்லாதே. பிசினா இது, பலாப்பழப் பால் மாதிரி இழுக்குது. நூறு கழித்தல் போதாதுன்னு நீ இருநூறு பண்ணியிருந்தேன்னு வையி, உன்னைக் கடல்ல தள்ளிட்டுத்தான் மறுவேலை. வருது, இரு. நூறுதான் இருக்கு. அதே நூறு. என்னடா இது, எதையுமே மாத்தலையா? கோடும் அப்படியே... தாத்து, போகாதே, அங்கேயே நில்லு. கோம்போ, இந்தக் கோட்டுக்கு நடுவுல நெடுக்கா இன்னொரு கோடு நிக்குது.